பர்மாப் பேரேடுகளை டிஎன்ஏவில் எழுதலாமா? எங்கள் பங்காளிகளுக்காக ஓர் ஒப்பீடு

பள்ளத்தூரில் எங்கள் பங்கு வீட்டின் இரண்டாம் கட்டில், மச்சுப்படிக்குக் கீழே இருக்கும் இருட்டறையில் 41 பேரேடுகள் இருக்கின்றன. பர்மாவின் பெகு ஊரில் நடந்த லேவாதேவிக் கடையின் கணக்கு. அங்கே கடையை நடத்திய மேலாள் (முதலாளியின் ஏஜென்ட்) அனுப்பிய நகல்களைப் பார்த்து, கணக்குப்பிள்ளை இங்கே உட்கார்ந்து எழுதியது. 1909-ல் ஆரம்பித்து 1941 கார்த்திகையோடு நின்றுபோகிறது. அந்த டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூனில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன, அப்புறம் எழுதுவதற்கு எதுவும் வரவில்லை. போன மழையில் ஓடு ஒழுகி மூன்று பேரேடு ஊறிவிட்டது, இன்னும் ஏழெட்டில் இராமபாணப் பூச்சி புகுந்து அட்டையிலிருந்து அட்டை வரை துளை போட்டிருக்கிறது. தோப்பு விற்ற பணத்தில் ஆறு லட்சத்தைப் பொதுவில் ஒதுக்கி வைத்திருக்கிறோம். அதை வைத்து இந்தப் பேரேடுகளை எப்படிக் காப்பாற்றுவது என்று பேசத்தான் சித்திரையில் எல்லாரும் வளவில் உட்கார்ந்தோம்.

மூன்று யோசனை வந்தது. சிங்கப்பூரில் இருக்கும் கொழுந்தன் சொன்னது முதல் யோசனை: "அண்ணமிண்டி, ஹார்ட் டிஸ்க் பத்து வருஷத்தில் போய்விடும், டிஎன்ஏவில் எழுதிக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டால் ஆயிரம் வருஷத்துக்குக் கவலையில்லை." இரண்டாவது என் மகளுடையது, உயிரியல் படிக்கிறவள். அதே குப்பியில் வீட்டு ஆட்கள் எல்லாருடைய மரபணு வரிசையையும் எடுத்துச் சேர்த்துவிடலாம், கணக்கும் வம்சமும் ஒரே இடத்தில் இருக்கும் என்றாள். மூன்றாவது ஸ்கேன் பண்ணுவது, நாலு இடத்தில் நகல் வைப்பது, இந்தக் கணக்கைப் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு உட்கார்த்தி வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்பது. வங்கியில் 27 வருடம் லெட்ஜரோடு இருந்தவள் என்பதால் மூன்றையும் ஒப்பிட்டு எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தது. நான் மூன்றாவதன் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் விலையை மட்டும் பார்த்து வந்த முடிவு இல்லை இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் டிஎன்ஏவில் கணக்குப் போடுவது என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். 1994-ல் அமெரிக்காவில் லெனார்ட் ஏடல்மன் என்ற கணினி அறிஞர் சோதனைக்குழாயில் ஒரு கணக்கைத் தீர்த்தார். ஏழு ஊர், 14 ஒருவழிப் பாதை, குறிப்பிட்ட ஓர் ஊரில் கிளம்பி இன்னோர் ஊரில் முடிக்க வேண்டும், நடுவில் எந்த ஊரையும் விடவும் கூடாது, இரண்டு தடவை மிதிக்கவும் கூடாது. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். நம் நகரத்தார் செட்டிமாரின் ஒன்பது கோயிலையும் ஒரே நாளில் காரில் சுற்றி வருகிறோம் இல்லையா, இளையாற்றங்குடியில் ஆரம்பித்து வேலங்குடியில் முடிக்க வேண்டும், சாலையெல்லாம் ஒருவழி, போன கோயிலுக்கு மறுபடி போகக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு சிறு டிஎன்ஏ இழையைப் பெயராக வைக்கிறார்கள். ஒவ்வொரு சாலைக்கும் ஓர் இழை, அதன் முன்பாதி புறப்படும் கோயிலின் வாலோடும் பின்பாதி போய்ச் சேரும் கோயிலின் தலையோடும் ஒட்டுகிற மாதிரி. டிஎன்ஏ நாலே நாலு வேதி எழுத்துகளால் ஆன இழை; அதில் அடினைன் தைமினோடு மட்டும் சேரும், குவானைன் சைட்டோசினோடு மட்டும் சேரும், அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த இலக்கணம். எல்லாவற்றையும் ஒரு குழாயில் போட்டுக் கலந்தால் கோடிக்கணக்கான இழைகள் தாமாக ஒட்டிக்கொண்டு, சாத்தியமான எல்லாப் பயணங்களும் ஒரே நேரத்தில் உருவாகிவிடும். அப்புறம் தப்பாகக் கிளம்பியதை, நீளம் பொருந்தாததை, ஒரு கோயிலை விட்டதை எல்லாம் ஒவ்வொன்றாகச் சலித்து எடுத்தால் மிஞ்சுவதுதான் விடை. ஒட்டுவது நொடியில் நடந்துவிட்டது, சலித்து எடுக்க ஆய்வகத்தில் ஒரு வாரம் ஆனது. இதே முறையில் 200 ஊர்க் கணக்கைத் தீர்க்க வேண்டுமானால் பூமியின் எடையைவிட அதிகமாக டிஎன்ஏ வேண்டியிருக்கும் என்று அடுத்த வருடமே ஹார்ட்மானிஸ் என்பவர் கணக்குப் போட்டுக் காட்டினார். கணினியை இது விரட்டிவிடும் என்ற பேச்சு அதோடு அடங்கியது. கணக்குப் போடுவதைவிடக் கணக்கை எழுதி வைப்பதற்கு டிஎன்ஏ நல்ல பொருள் என்பது மட்டும் நிலைத்தது. கணினியில் 0, 1 ஆக இருப்பதை அந்த நாலு எழுத்தாக மாற்றி, அதே வரிசையில் இழையைக் கோப்பதுதான் எழுதுவது. 2017-ல் யானிவ் எர்லிக்கும் டினா ஜீலின்ஸ்கியும் ஒரு கிராம் டிஎன்ஏவில் 215 பெட்டாபைட் அடக்கும் முறையைக் காட்டினார்கள். பெட்டாபைட் என்றால் பத்து லட்சம் ஜிபி. நம் 41 பேரேட்டின் ஸ்கேன் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசிக்குள் அடங்கிவிடும்.

இதை நான் வளவில் சொன்னபோது என் மாமியார், 88 வயது, ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உசுருக்குள்ள இருக்குற சாமானுல வட்டிக் கணக்கை எழுதுவாகளா?" இளையவர்கள் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இந்த இரண்டு மாதமாக நான் திரும்பத் திரும்பப் போய் நின்ற இடம் அந்தக் கேள்விதான்.

கொழுந்தன் சொல்லும் முறையில் உயிர் எதுவும் சம்பந்தப்படவில்லை. பனையிலிருந்து ஓலையை வெட்டிப் பாடம் பண்ணி எழுதினார்கள், அந்த ஏடு பனைமரம் இல்லை. இதுவும் அப்படித்தான். இயந்திரத்தில் வேதிப்பொருளை ஒவ்வொன்றாகக் கோத்துச் செய்த இழை, எந்த உடம்பிலும் இருந்ததில்லை, எந்த உடம்புக்கும் அதைப் படிக்கத் தெரியாது. எழுத்தையே உயிர், மெய், உயிர்மெய் என்று பிரித்துப் பெயர் வைத்த மொழி நம்முடையது. அ என்று ஓலையில் கீறினால் ஓலைக்கு உயிர் வந்துவிட்டதாக யாரும் நினைத்ததில்லை. மெய்யும் உயிரும் சேர்ந்து ஒலிக்க ஒரு வாய் வேண்டும். அந்த ஏழு ஊர்க் கணக்கிலும் மூலக்கூறுகள் ஒட்டின, அவ்வளவுதான் நடந்தது. இந்த இழைக்கு இந்த ஊர் என்று பெயர் வைத்த மனிதர் வெளியே நின்றதால்தான் அது விடை ஆனது. ஆக, உயிரின் பொருளில் எழுதுவது பாவமா என்ற கேள்விக்கு என் பதில், இந்த அளவில் இல்லை என்பதே.

ஆனால் மாமியார் கேட்டதை அப்படி ஒதுக்கிவிடவும் முடியாது, ஏனென்றால் இதே தொழில்நுட்பத்தின் இன்னொரு கிளை உடம்புக்குள் போகப் பார்க்கிறது. 2004-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் எஹுட் ஷாப்பிரோவின் குழு, புற்றுநோயைக் காட்டும் மூலக்கூறுகள் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று தானே பார்த்து, ஆம் என்றால் மருந்து இழையை விடுவிக்கும் டிஎன்ஏ கணினியைச் சோதனைக்குழாயில் செய்து காட்டியது. 2012-ல் ஹார்வர்டில் டிஎன்ஏவையே பீப்பாய் மாதிரி மடித்து, குறிப்பிட்ட செல்லைக் கண்டால் மட்டும் பூட்டுத் திறக்கும்படி செய்தார்கள். நோயாளிக்கு இது பெரிய வரம் ஆகலாம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முடிவெடுப்பது யார்? நம் வீட்டிலேயே இதற்கு ஓர் உவமை இருக்கிறது. கடல் தாண்டிக் கொண்டு விற்கப் போன மேலாளுக்கு முதலாளி பவர் எழுதிக் கொடுத்து அனுப்புவார், மூன்று வருடம் அங்கே அவர் வைத்ததே சட்டம், யாருக்குக் கடன், யாருக்குத் தவணை, யார் நிலத்தை எடுப்பது என்பதெல்லாம் அவர் கையில். இருந்தாலும் மாதாமாதம் கணக்கு வரும், தப்பென்று பட்டால் கடிதம் போகும், கடைசியில் பொறுப்பு முதலாளிக்கே. உடம்புக்குள் அனுப்பும் மூலக்கூறு கணக்கு அனுப்பாத மேலாள். அங்கே என்ன நிபந்தனை எழுதினோமோ அது நடக்கும், நாம் எழுத மறந்த நிலைமை வந்தாலும் அதே நிபந்தனைதான் நடக்கும். திரும்பக் கூப்பிட வழி இருந்தால் மட்டும் அனுப்பு என்பதே இதில் நான் வைக்கும் அளவுகோல்.

இதையொட்டி ஒரு பேச்சும் வந்தது, பாக்டீரியாவுக்குள் எழுதி வைத்தால் அதுவே பெருகி நகல் எடுத்துக்கொண்டே இருக்குமே என்று. முடியும். 2017-ல் ஓடும் குதிரையின் சிறிய அசைபடம் ஒன்றை ஈ.கோலை பாக்டீரியாவின் மரபணுவில் எழுதி, அது பல தலைமுறை பெருகிய பிறகு திரும்ப எடுத்தார்கள், 90 சதவீதம் சரியாக வந்தது. படத்துக்கு 90 போதும், கணக்குக்கு 90 என்றால் அது கணக்கே இல்லை. மரபணு மாற்றிய நுண்ணுயிரை வைத்துக்கொள்வதற்கு 1989 முதல் இந்தியாவில் விதிகள் இருக்கின்றன, அது வீட்டில் வைக்கும் சாமானும் இல்லை. இதற்கு மேல் இதைப் பேச வேண்டாம்.

சரி, முதல் யோசனையின் விலை. அந்த 2017 ஆய்வில் 2 எம்பியை டிஎன்ஏவில் எழுத 7,000 டாலர், திரும்பப் படிக்க 2,000 டாலர் ஆனது. பேரேட்டில் ஒரு பக்கத்தைக் கலரில் தெளிவாக ஸ்கேன் பண்ணினால் ஏறக்குறைய 2 எம்பி வருகிறது. 7,000 டாலர் என்பது இன்றைய மாற்று விலையில் கிட்டத்தட்ட ஆறு லட்சம் ரூபாய். அதாவது தோப்பு விற்ற பணம் மொத்தத்துக்கும் ஒரே ஒரு பக்கம், நம்மிடம் இருப்பதோ 12,000 பக்கத்துக்கு மேல். விலை இறங்கும், இறங்கிக்கொண்டும் இருக்கிறது, ஆனால் நம் மழைக்காலம் ஐப்பசியில் வந்துவிடும். வேகமும் அப்படித்தான். 2019-ல் மைக்ரோசாஃப்டும் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் சேர்ந்து மனிதக் கை படாமல் டிஎன்ஏவில் எழுதிப் படிக்கும் இயந்திரம் செய்தார்கள், ஹலோ என்ற ஐந்து எழுத்துச் சொல்லை எழுதிப் படிக்க 21 மணி நேரம் எடுத்தது.

ஆயிரம் வருடம் என்ற பேச்சையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். நியூசிலாந்தில் மோவா என்ற அழிந்துபோன பறவையின் எலும்புகளை வைத்து 2012-ல் கணக்கிட்டதில், 13 டிகிரி குளிரில் ஏறக்குறைய 240 எழுத்து நீளமுள்ள டிஎன்ஏ துண்டுகளில் பாதி அறுந்துபோக 521 வருடம் ஆகும் என்று தெரிந்தது. சுவிட்சர்லாந்தில் ராபர்ட் கிராஸின் குழு 1291-ஆம் ஆண்டுச் சாசனத்தை டிஎன்ஏவில் எழுதி, கண்ணாடி போன்ற சிலிக்கா மணிக்குள் அடைத்து, ஒரு வாரம் 70 டிகிரி சூட்டில் வைத்துப் பார்த்து, இது மத்திய ஐரோப்பாவின் குளிரில் 2,000 வருடத்துக்குச் சமம் என்றார்கள். நல்ல வேலைதான். ஆனால் நாம் இருப்பது மத்திய ஐரோப்பாவில் இல்லை. அக்கினி நட்சத்திரத்தில் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் அரைத்துப் பூசிய நம் சுவரே உள்ளங்கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும். இந்தச் சூட்டில் அந்த ஆயுள் பல மடங்கு குறையும், குறையக் கூடாது என்றால் குளிர்ப்பெட்டியும் மின்சாரமும் அதைக் கவனிக்க ஆளும் வேண்டும். கவனிக்க ஆள் வேண்டும் என்றால் நம் இருட்டறைக்கும் அதற்கும் வித்தியாசம் பாதி போய்விட்டது.

விலையைக் குறைக்க ஒரு வழி உண்டு. படமாக எழுதாமல் எழுத்தாகத் தட்டச்சு செய்து எழுதினால் ஒரு பக்கம் சில கேபிதான் வரும், தமிழ் எழுத்துக்குக் கணினியில் மூன்று பைட் பிடித்தாலும் கூட. கொழுந்தனே இதைச் சொன்னார். ஆனால் எழுத்தாக மாற்ற வேண்டும் என்றால் முதலில் யாராவது அதைப் படிக்க வேண்டுமே. ஒரு பேரேட்டைத் திறந்து பாருங்கள். ௹ ௩௱௫௰ என்று இருக்கும். 350 ரூபாய். வரவுக்கு ௷, பற்றுக்கு ௶, மேற்படிக்கு ௸. பின்னம் எல்லாம் வீசம், மாகாணி, அரைக்கால் என்று அதற்கதற்கான குறியில் இருக்கும், ஐந்தொகை போட்ட பக்கத்தில் கூட்டல் எந்தத் திசையில் போகிறது என்று எனக்கே இரண்டு நாள் பிடிபடவில்லை, 27 வருடம் லெட்ஜர் பார்த்தும். எங்கள் பங்காளிகளில் இதைச் சரளமாகப் படிக்கிற ஒருவர்கூட இன்று கிடையாது. டிஎன்ஏவுக்கு ஆதரவாகச் சொல்லும் பெரிய வாதம், மனிதனுக்கு மருத்துவம் தேவைப்படும் வரை டிஎன்ஏவைப் படிக்கும் கருவியும் இருந்துகொண்டே இருக்கும் என்பது. இருக்கட்டும். கருவி ஏ சி ஜி டி என்று வரிசையைக் கொடுக்கும். அது 0, 1 ஆவதற்கு ஒரு சாவி, 0, 1 தமிழ் எழுத்து ஆவதற்கு ஒரு சாவி, அந்த எழுத்து பெகு கடையின் கணக்கு ஆவதற்கு ஒரு மனிதர். கடைசிச் சாவிதான் இப்போது தொலைந்துகொண்டிருக்கிறது, அதற்கு மட்டும் ஆறு லட்சத்திலிருந்து ஒரு பைசாவும் ஒதுக்கவில்லை நாம்.

அந்தச் சாவி எங்கள் ஊரிலேயே இருக்கிறது. எங்கள் வீட்டுக்குக் கணக்கெழுதியவரின் மகன், 84 வயது, அப்பாவிடம் உட்கார்ந்து பழகியவர். வைகாசியில் அவரை ஒரு நாள் அழைத்து வந்து, முகப்பில் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து உட்காரவைத்து 1931-ஆம் வருடப் பேரேட்டைக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பக்கத்தை முகத்துக்கு அருகில் கொண்டுபோய், விரலை வரிக்குக் கீழே வைக்காமல் வரிக்குப் பக்கத்தில் வைத்து நகர்த்திக்கொண்டே படித்தார். பெகுவுக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பர்மியப் பெண்ணின் கணக்கு. 1928-ல் பற்று. வட்டிக்கு நெல் இத்தனை கூடை வரவு, அடுத்த வருடம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஓரத்தில் சின்னதாக, "பிள்ளைப்பேறு, தவணை தை வரை." அப்புறம் இரண்டு வரி வெறுமை. 1931-ல், "நிலம் ஏக்கர் 11 வகையில் வரவு. கணக்கு நேர்." அவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "நேராயிருச்சுன்னு எழுதிட்டாக ஆச்சி" என்றார்.

அன்றைக்கு ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. நெல் விலை சரிந்த வருடங்கள் அவை. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு 6 ஆக இருந்த செட்டிமார் கைநிலம் 1938-க்குள் நூற்றுக்கு 25 ஆனது, அதற்குப் பெரும்பாலும் காரணம் கடனுக்கு ஈடாக வந்த நிலம். நாம் நிலம் வேண்டும் என்று போனவர்கள் இல்லை, பணம் திரும்பினால் போதும் என்றிருந்தவர்கள், அதையும் நான் மறைக்கவில்லை, 1942-ல் நடந்தே ஊர் திரும்பியவர்களின் கதையும் நம் வீட்டில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதினோரு ஏக்கர் நம் பேரேட்டில் வரவு. அந்தப் பெண் ஒரு பேரேடு வைத்திருந்தால் அதில் என்னவென்று எழுதியிருப்பாள்? அவளுடைய பேரேடு இல்லை, நம்முடையது மட்டும்தான் இருக்கிறது, அதற்குத்தான் நாம் இப்போது ஆயிரம் வருட ஆயுள் கேட்கிறோம்.

டிஎன்ஏ சேமிப்பைப் பற்றி எனக்கு உறுத்துவது இந்த இடம்தான், உயிர்ப் பொருளில் எழுதுகிறோமே என்பது இல்லை. எது நீடிக்கிறது என்பதைப் பணம் இருக்கிறவர் தீர்மானிக்கிறார். ஓலைக்கு ஆயுள் குறைவு, அதனால் ஒவ்வொரு தலைமுறையும் உட்கார்ந்து மறுபடி படியெடுத்தது, படியெடுக்கும்போது இது இன்னும் வேண்டுமா என்று கேட்டது, வேண்டாததை ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விட்டது. அப்படி ஆற்றில் போன நல்ல ஏடுகளை நினைத்தால் வயிறு எரிகிறது, அது வேறு. ஆனால் திரும்பக் கேட்டுக்கொள்ள ஒரு சந்தர்ப்பம் அதில் இருந்தது. குப்பிக்குள் அடைத்துவிட்டால் அந்தக் கேள்வி கேட்பதற்கு ஆள் வரமாட்டார், பெகுவிலிருந்து அந்தப் பெண்ணின் பேத்தி என் பாட்டி கணக்கைப் பார்க்கலாமா என்று கேட்டு வந்தால் கையில் ஒரு குப்பியைக் கொடுத்து, போய் ஆய்வகத்தில் படித்துக்கொள் என்றா சொல்வது? இதற்கு நேர் எதிரான ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. டிஎன்ஏவை நகல் எடுப்பது மிக மலிவு, ஒரு சொட்டை வைத்து ஒரு மத்தியானத்துக்குள் கோடிக்கணக்கான படி எடுத்துவிடலாம். எழுதித் தரும் கம்பெனியிடம் ஒரு சொட்டு தங்கிவிட்டதா என்று நாம் எப்படிக் கண்டுபிடிப்பது? பேரேடு ஒன்றுதான், எரிந்தால் எரிந்தது, அழித்தேன் என்றால் அழித்தேன். இங்கே அழித்துவிட்டேன் என்ற வார்த்தையை நம்புவதைத் தவிர வழியில்லை. தானாகப் பரவுகிறதோ என்ற பயம் வேண்டாம். அப்புறம் 2017-ல் டிஎன்ஏவுக்குள் வைரஸ் நிரல் எழுதிக் கணினியைப் பிடித்தார்கள் என்று ஒரு பங்காளி அனுப்பிய செய்தி உண்மைதான், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் செய்தது. ஆனால் தாக்குதல் பலிப்பதற்காகப் படிக்கும் மென்பொருளில் அவர்களே ஓட்டையை வைத்துக்கொண்டு செய்த சோதனை அது.

இப்போது என் மகளின் யோசனை. அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவள் காரணம் எனக்கு நன்றாகவே தெரியும். நமக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து வந்த சமூகங்களில் சில மரபணுக் கோளாறுகள் கூடுதலாகத் தங்கிவிடும், முன்னாலேயே தெரிந்தால் உயிர் பிழைக்கும். ஆரிய வைசியர்களில் சிலருக்கு ஒரு நொதி குறைவாக இருப்பதால் அறுவை சிகிச்சையில் கொடுக்கும் தசை தளர்த்தும் மருந்து ஆபத்தாகிறது என்று கண்டுபிடித்தது அப்படித்தான், இன்று மருத்துவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டு மருந்தை மாற்றுகிறார்கள். அதற்காக ஒருவர் தன் மருத்துவரிடம் போய்த் தன் இரத்தத்தைக் கொடுக்கட்டும், நான் குறுக்கே நிற்க மாட்டேன். வீட்டுப் பொதுக் குப்பியில் எல்லாருடையதும் வேண்டும் என்பதற்குத்தான் மறுப்பு.

மரபணு விஷயத்தில் ஒருவர் கொடுக்கும் சம்மதம் ஒருவரோடு நிற்பதில்லை. 2018-ல் கலிபோர்னியாவில் பல பத்தாண்டு பிடிபடாத கொலைகாரன் ஒருவனைப் பிடித்தது அவன் டிஎன்ஏ கொடுத்ததால் இல்லை, தூரத்து உறவினர்கள் ஓர் இணையதளத்தில் தங்களுடையதை ஏற்றி வைத்திருந்ததால். பிடிபட்டது நல்லது, ஆனால் வழி என்ன என்று பாருங்கள். ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் செல்லை 1951-ல் கேட்காமல் எடுத்து ஆய்வகம் ஆய்வகமாகப் பெருக்கினார்கள், 2013-ல் அவர் மரபணு வரிசையையும் குடும்பத்தைக் கேட்காமலே வெளியிட்டார்கள், பேரன் பேத்திகள் போராடித்தான் அதற்கு ஒரு வரைமுறை வந்தது. கம்பெனியை நம்புவோம் என்றால் 23அண்ட்மீ என்ற பெரிய மரபணுச் சோதனைக் கம்பெனியில் 2023-ல் 69 லட்சம் பேர் தகவல் கசிந்தது, 2025 மார்ச்சில் அது திவால் மனுப் போட்டது. 1906-ல் சென்னையில் அர்பத்நாட் என்ற வங்கிக் கம்பெனி மூழ்கியபோது போனது பணம், பணத்தைத் திரும்பச் சம்பாதிக்கலாம். நம் நாட்டில் டிஎன்ஏவை வைத்து ஆளை அடையாளம் காண்பதை ஒழுங்குபடுத்த 2019-ல் மக்களவையில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள், 2023-ல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. என் வீட்டுக்காரர் இந்த வீட்டுக்குப் பிள்ளை கூட்டி, அதாவது சுவீகாரமாக, வந்தவர். பதினோரு வயதில், முறைப்படி, கோயில் மாலை வந்து, ஊரறிய. அவர் உடம்பில் இந்த வீட்டு வரிசை இல்லை. நான் மருமகளாக வந்தவள், என் உடம்பிலும் இல்லை. ஆனால் கோயிலில் எங்கள் பேரில் ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பக் கணக்கு, இருக்கிறது, வரி கொடுக்கிறோம், முன்னோர்களுக்குச் செய்யும் படைப்பில் முன்னால் நிற்கிறோம், அந்தப் பேரேடுகளை ஒழுகும் கூரையிலிருந்து தூக்கி வெளியே வைத்தவர் அவர்தான். இத்தனை தலைமுறையாக யார் இந்த வீடு என்பதை நாம் சொல்லாலும் எழுத்தாலும் கணக்கு வைத்திருக்கிறோம், இரத்தத்தால் அல்ல. குப்பியில் பேரேடும் மரபணு வரிசையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், இருநூறு வருடம் கழித்துத் திறக்கிறவர் எதை உண்மை என்று எடுத்துக்கொள்வார்? இவர் இந்த வம்சமே இல்லை என்று ஓர் இயந்திரம் சொல்லும், அதற்குப் பதில் சொல்ல அவர் இருக்க மாட்டார். ஊருக்குத் தெரியாத விஷயம் இருக்கும் வீடுகளை நான் இங்கே எழுதவே தேவையில்லை. மகளிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பாவை நான் யோசிக்கவே இல்லை ஆத்தா" என்றாள்.

ஆக, மூன்றாவது. பக்கத்து ஊர்க் கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒரு லட்சத்தை ஒட்டிய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் நோட்டீசுகளையும் சேர்த்து வைத்துவிட்டு 1992-ல் காலமானார். சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, அமெரிக்காவுக்குத் தூக்கிக்கொண்டு போகாமல், 1994-ல் சென்னையில் அவர் பேரிலேயே நூலகமாக்கியது. மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள், பட்டியல் போட்டார்கள், கேட்டு வருகிறவருக்கு எடுத்துக் கொடுக்கிறார்கள். சோதனைக்குழாயில் ஏழு ஊர்க் கணக்குத் தீர்ந்த அதே வருடம். இன்றைக்கு அந்த நூலகத்தால் எத்தனை பேர் படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால், நமக்கு வழி பத்து கிலோமீட்டருக்குள்ளேயே இருந்திருக்கிறது.

நான் பங்காளிகள் முன் வைப்பது இது. ஊறிய மூன்றையும் பூச்சி விழுந்ததையும் முதலில் காப்பாற்றுவோம், மற்றதெல்லாம் அப்புறம். 41-ஐயும் ஸ்கேன் பண்ணி, ஒரு நகல் நம் வீட்டில், ஒன்று சிங்கப்பூரில், ஒன்று பொது நூலகம் ஒன்றில், ஒன்று பர்மாவில் இதை ஆராய்கிற ஒரு கல்வி நிறுவனம் கிடைத்தால் அங்கே. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்து மறுபடி படியெடுப்பது, அது ஒவ்வொரு வீட்டு முறையாக வரும், படைப்பு மாதிரி. ஆறு லட்சத்தில் பெரும்பகுதி கணக்குப்பிள்ளை மகனுக்கும், அவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் இரண்டு பிள்ளைகளுக்கும் மாதச் சம்பளமாகப் போகட்டும். கடன்காரர்கள் பேரை மறைக்க வேண்டாம், அவர்கள் பேரன் பேத்திகள் தேடி வரும்போது பேர்தான் வழி. யாராவது தன் குடும்பத்துக் கணக்கைப் பொதுவில் காட்ட வேண்டாம் என்று கேட்டால் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுவோம், காரணம் கேட்கக் கூடாது. டிஎன்ஏவைப் பத்து வருடம் கழித்து விலை பார்த்து மறுபடி பேசலாம், அதற்குள் எழுத்தாக மாறிய பேரேடு கையில் இருக்கும். மரபணு வரிசை எந்தக் காலத்திலும் பொதுக் குப்பிக்கு வேண்டாம்.

கொழுந்தனுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை, ஒரு பேரேட்டின் முதல் பக்கத்தையாவது தன் செலவில் டிஎன்ஏவில் எழுத வேண்டும் என்கிறார். அவர் பணம், அவர் எழுதட்டும். எந்தப் பக்கம் என்று மட்டும் நான் கேட்டிருக்கிறேன். 1931-ல் அந்தப் பதினோரு ஏக்கர் பக்கமாக இருக்கட்டும் என்று எழுதி அனுப்பினேன், இன்னும் பதில் வரவில்லை. கணக்குப்பிள்ளை மகன் புதன்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதப் போகிறாள். முகப்பில் வெயில் ஏறுவதற்குள் நாலு பக்கமாவது முடிக்க வேண்டும்.